குதிரைப் பாதையும் கூலிப் பாதையும்

சென்ற தை மாதத்தில், தேவாரத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். விருந்து முடிந்து பந்தலின் கீழ் அமர்ந்திருந்தபோது, இங்கிலாந்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினார். பச்சைப் புல்வெளிகளின் நடுவே சுண்ணாம்பைக் கொட்டியதுபோல் ஒரு வெண்பாதை நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில், தடித்த உருளிப்பட்டையும் வளைந்த கைப்பிடியும் கொண்ட மிதிவண்டி ஒன்று வேலியில் சாய்ந்து நின்றது. விடுமுறை நாள்களில் அந்த வண்டியில் ஊர் ஊராகச் செல்வதாக அவர் சொன்னார். தார்ச் சாலையில் அன்று. சரளையும் மண்ணும் பரவிய பழம்பாதைகளில்.

அருகில் அமர்ந்திருந்த முதியவர் படங்களைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். இளமை முழுவதையும் ஏலத்தோட்ட வேலையில் கழித்தவர் அவர். மலைக்கும் ஊருக்குமாக நடந்த நடைக்குக் கணக்கில்லை.

"இந்தப் பாதையில போறதுக்கு யாருகிட்டச் சீட்டு வாங்கணும் தம்பி?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் வேண்டாம் தாத்தா. எல்லாருக்கும் பொதுவான பாதை."

"பாதை யாரோட நிலத்துல கெடக்கு?"

"தனியார் நிலந்தான் தாத்தா. ஆனா பாதை மட்டும் பொது."

முதியவர் சிரித்தார். "நாங்க நடந்த பாதையில இப்போ நான் போனா வழக்குப் போடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு மேற்கே மலையைப் பார்த்தார். பந்தலில் இருந்தோர் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. ஆயினும் அம்முதியவரின் வினா நம்மை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பிய பின் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். கண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இங்கிலாந்தின் கிராமப்புறப் பாதைகளில் ஒரு வகைக்கு அந்நாட்டார் வைத்த பெயர், கடிவாளத்தைக் குறிக்கும் சொல்லையும் வழியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து அமைந்தது. குதிரைப் பாதை என்று நாம் சொல்லலாம். நடப்பவரும் குதிரையில் செல்பவரும் அதனைப் பயன்படுத்தலாம், வண்டிகளுக்கு இடமில்லை. சந்தைக்குச் சென்ற உழவர், ஆலைக்குச் சென்ற தொழிலாளர், கோவிலுக்குச் சென்ற குடும்பத்தார் ஆகியோரின் கால்கள் வகுத்த வழிகள் அவை. வேல்சு நாட்டுக் கறுப்பு மாடுகளை மந்தை மந்தையாக இலண்டன் இறைச்சிச் சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டுத் தடங்களும் அவற்றுள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரயில் வந்ததும் மாட்டோட்டிகள் மறைந்தனர். தடங்கள் புல் மூடிக் கிடந்தன.

'ரிட்ஜ்வே' என்னும் குன்றுமுகட்டுப் பாதை ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதர் நடந்தது என்பர். 1973இல் 139 கி.மீ. நீளமுள்ள தேசிய நடைபாதையாக அது திறக்கப்பட்டது. தென்குன்றுகளின் மீது வின்செஸ்டர் நகரிலிருந்து கடலோர ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. செல்லும் பாதை, முழுவதும் குதிரைப் பாதையாகவே அமைந்தது. இவ்விரண்டின் பகுதிகளையும் வேறு பழம்பாதைகளையும் இணைத்து, ஆல்பிரட் அரசர் பெயரால் 350 கி.மீ. சுற்றுப் பாதை ஒன்றை மிதிவண்டி அமைப்பினர் 2020இல் வகுத்தனர். நம் இளைஞர் காட்டிய படங்களுள் சில அப்பாதையில் எடுத்தவையே.

இவ்வளவும் அந்நாட்டு மக்களுக்குத் தாமாக வந்து வாய்த்தவை என்று எண்ணினால் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிப் பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தனியாராக்கும் சட்டங்கள் ஆயிரக்கணக்கில் இயற்றப்பட்டன. வேலி வந்தால் பாதை அடைபடுவது இயல்பு. 1815இல் வந்த ஒரு சட்டம், 'தேவையற்ற' பாதையை மூடிவிட இரண்டு நீதிபதிகளின் கையொப்பம் போதும் என்றது. அந்நீதிபதிகளோ பெரும்பாலும் நிலக்கிழார்கள். ஒருவருடைய தோட்டத்தின் குறுக்கே செல்லும் பாதை தேவையற்றது என்று மற்றவர் கையொப்பமிடுவதற்கு எத்துணைக் காலம் ஆகும்? 1826இல் மான்செஸ்டர் நகரத்தார், பழம் பொதுப்பாதைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, வழக்குமன்றங்களில் வாதாடினர். அதற்கும் நூறாண்டு கழித்து, 1932 ஏப்ரல் 24ஆம் நாள், அதே நகரத்து ஆலைத் தொழிலாளர் பலர், செல்வந்தரின் வேட்டைக்காடாக இருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். அவ்வாண்டில் நிறைவேறிய வழியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் மக்கள் தடையின்றி உரிமையோடு நடந்துவந்த தடத்தைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப்பாதைகள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்தே ஆகவேண்டும் எனக் கட்டளையிட்டது. அவ்வாறு ஏடேறியவை, இங்கிலாந்திலும் வேல்சிலும் சேர்த்து இன்று ஏறத்தாழ 2,25,000 கி.மீ. ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது அவர்தம் சட்டக் கோட்பாடு.

மிதிவண்டி அப்பாதைகளில் நுழைந்த கதை தனிச் சுவையுடையது. 1955இல் லெம்ஸ்டர் என்னும் சிற்றூரின் விடுதியில் சிலர் கூடி, கரடுமுரடான தடங்களில் மிதிவண்டி ஓட்டுவோர்க்கென ஒரு கழகம் அமைத்தனர். மெல்லிய சக்கரமுள்ள சாதாரண வண்டிகளே அவர்களிடம் இருந்தன. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினர். முடியாத இடத்தில் தோளில் சுமந்தனர். 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம்தான் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிக்கு உரிமை தந்தது. நடப்பவர்க்கும் குதிரைக்கும் வழிவிட்டே செல்லவேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு வந்தது. தடித்த சக்கரமுள்ள சரளை மிதிவண்டிகள் இந்நூற்றாண்டில் பரவி, அப்பழம்பாதைகளுக்குப் புதிய பயணிகளைக் கொண்டுவந்துள்ளன.

நாம் இங்கே கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. அப்பாதைகளில் தார் இல்லை. மழையில் சேறாகும், கோடையில் புழுதியாகும். ஆயினும் சட்டத்தின் முன் அவை சாலையே. சாலை என்றால் தார். தார் இல்லையேல் பாதையே இல்லை என்ற நம் வழக்கமான எண்ணம் அங்கே செல்லாது.

இனி நம் மலைக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் மதிற்சுவர்போல் எழும் மலைத்தொடரில், மேலேறிக் கடப்பதற்கு உரிய இடைவெளிகளை மெட்டு என்று மக்கள் வழங்குவர். வடக்கே போடிமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு. இவற்றினிடையே தேவாரத்திற்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. கோம்பைக்கு மேலே இராமக்கல்மெட்டு. சாக்குலூத்து என்னும் பெயரின் இறுதியில் உள்ள 'ஊத்து', நீரூற்றைக் குறிப்பது எனக் கொள்ளலாம். மலையேறுவோர் இடத்திற்குப் பெயரிடும்போது முதலில் நினைப்பது தண்ணீரைத்தானே!

அம்மெட்டுகளுக்கு அப்பால் இருப்பவை ஏலமலைகள். அவை திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. ஏலக்காய் அரசின் தனியுரிமைப் பொருள். விளைவித்தவர் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். விளைவித்தவர்களுள் பெரும்பாலோர் மலைக்குக் கிழக்கே வாழ்ந்த கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர். அடிவாரம் ஆங்கிலேயரின் சென்னை மாகாணம், முகடு திருவிதாங்கூர். ஒரே ஒற்றையடிப் பாதையின் காலை ஓர் அரசும் தலையை மற்றோர் அரசும் பிடித்திருந்தன. ஆகவே தம் தோட்டத்துக் காயைத் தாமே ஊருக்குக் கொண்டுவந்தவரும் கடத்தல்காரர் ஆனார். 1896இல் அத்தனியுரிமை நீக்கப்பட்டு நிலவரி முறை வந்தது. அதன்பின் ஏலமூட்டைகள் ஒளிவு மறைவின்றி இறங்கின. போடிநாயக்கனூர் வாணிக நகராக வளர்ந்த கதை அம்மூட்டைகளின் கதையே. இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் போடியில் இயங்குகிறது.

ஆங்கிலேயர் தம் நாட்டுக் குதிரைப் பாதையின் பெயரை அப்படியே நம் மலைகளுக்கும் கொண்டுவந்தனர். பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செண்பகனூருக்கும் கொடைக்கானலுக்கும் ஏறிய பழம்பாதை அவர்தம் ஏடுகளில் குதிரைப் பாதை எனப்பட்டது. அதற்கே 'கூலி காட்' என்னும் மற்றொரு பெயரும் இருந்தது. பாதை ஒன்று, பெயர் இரண்டு. குதிரைமேல் சென்றவர் ஒரு பெயரால் அழைத்தார். அவருடைய நாற்காலியையும் பெட்டியையும் சுமந்து சென்றவரால் மற்றொரு பெயர் வந்தது. இயேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை 1895இல் தொடங்கியபோது, கொடைக்கானலுக்கு மலைச்சாலை முழுமை பெற்றிருக்கவில்லை. அது முடிந்தது 1914இல்தான். அதுவரை மேலே சென்ற நூலும் மணியும் மருந்தும் யாருடைய தலையில் ஏறின என்பதை நம் திருச்சபை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சுமந்தவரின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் அன்று எவரிடமும் இல்லை.

போடிக்கு மேலே நடந்தது இன்னும் வியப்பானது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தேயிலை பெருகியதும் அதனைக் கீழே இறக்க வழி தேவைப்பட்டது. 1902இல் மூணாறிலிருந்து மலைமுகட்டுக்கு ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்தில் உருளும், சாயாமல் தாங்க மற்றொரு சக்கரம் தரையில் ஓடும், இழுப்பவை காளைகள். 1908இல் அதற்கு மாற்றாகச் சிற்றிரயில் வந்தது. முகட்டில் இருந்த 'டாப் ஸ்டேஷன்' என்னும் இடத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிற்றிரயிலை அடித்துச் சென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. அதன் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்ற வண்டி, 2023 சூனில் மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது. இரும்புப் பாதை இருமுறை இறந்து இருமுறை உயிர்த்தது. அதற்கு வரைபடம் இருந்தது, ஆவணம் இருந்தது, கேட்பார் இருந்தனர்.

தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கியது. மனிதர் நடந்தே ஏறினர். தேவாரம், கோம்பை, இராசிங்காபுரம் போன்ற ஊர்களிலிருந்தும், நம் கத்தோலிக்க மக்கள் மிகுதியாக வாழும் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி வட்டாரத்திலிருந்தும் ஏலமலைக்கு வேலைக்குச் சென்றோர் பலர். பந்தலில் கண்ட முதியவரை மறுநாள் காலை தேடிச் சென்று நாம் கேட்டறிந்தவை இவை: திங்கட்கிழமை கோழி கூவுமுன் கிளம்புவார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மாற்றுத்துணி எல்லாம் தலைச்சுமை. பெண்கள் இடுப்பில் குழந்தையும் வைத்திருப்பார்கள். ஏற்றத்தின் முதற் பகுதியில் எவரும் பேசமாட்டார்கள், மூச்சு வேண்டுமே! மேலே சென்றதும் குளிர்காற்று முகத்தில் படும். அப்போதுதான் முதற்பேச்சு வரும். கிழமை முழுவதும் தோட்டத்துக் கொட்டகையில் தங்கிக் களையெடுத்து, காய் பறித்து, சனிக்கிழமை இறங்குவார்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடிது என்றார்.

இங்கிலாந்தின் மிதிவண்டிகளைப் பற்றிப் பேசியதால், நம் மிதிவண்டியையும் ஒரு சொல் சொல்லவேண்டும். பர்மிங்காம் நகரத்து ஹெர்குலிஸ் வண்டி, அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் வாயிலாக நம் நாட்டு வண்டியாயிற்று. தேவாரத்திலிருந்து அடிவாரம் வரை மண்பாதையில் அவ்வண்டியை மிதித்துச் சென்றவர்கள், புளியமரத்தடியில் வரிசையாகச் சாத்திவிட்டு மலையேறினர். சனிக்கிழமை இறங்கி வரும்போது வண்டிகள் அங்கேயே நிற்கும். பூட்டு இருந்தவர் பூட்டினார். இல்லாதவர் கயிற்றால் கட்டினார். திருட்டுப் போனதாக நினைவில்லை என்றார் முதியவர். பர்மிங்காம் தொழிலாளி செய்து பழகிய வண்டி அவருடைய நாட்டில் மலையேறியது. நம் நாட்டில் மலையடியில் நின்றுவிட்டது.

பாதைகள் எவ்வாறு மூடப்பட்டன? இக்கேள்விக்கு விடை தேடியபோது ஒரு விந்தை கண்டோம். 1882ஆம் ஆண்டு இந்திய அரசு வசதியுரிமைச் சட்டத்தை இயற்றியது. இருபது ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் தடையின்றியும் பிறர் நிலத்தின் வழியே நடந்துவந்தவர்க்கு வழிநடை உரிமை உண்டு என்பது அதன் ஒரு விதி. நிலம் அரசுடையதாயின் அக்காலம் மேலும் நீளும். இப்போது முப்பது ஆண்டு. தொடக்கத்திலேயே அச்சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. இங்கிலாந்தில் 1932இல் தெளிவாக எழுதப்பட்ட இருபது ஆண்டுக் கணக்கு, தனியொருவர் உரிமையைப் பொறுத்தவரை நம் மாகாணத்தில் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது! அதே 1882இல் சென்னை மாகாணம் தன் வனச்சட்டத்தையும் இயற்றியது. காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் சுற்றுவட்டாரத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும். வழிநடை உரிமையோ மேய்ச்சல் உரிமையோ நீருரிமையோ கோருவோர் குறித்த காலத்திற்குள் எழுதித் தரவேண்டும். கோரப்படாத உரிமை அற்றுப்போகும். இவ்விரு சட்டங்களும் தத்தம் வரிசையில் அவ்வாண்டின் ஐந்தாம் சட்டங்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஒன்று நடந்தவருக்கு உரிமை உண்டு என்றது. மற்றொன்று எழுதிக் கேட்டவருக்கே உரிமை என்றது.

தலையில் அரிசி மூட்டையோடு ஏறிய பெண்மணி எந்த அலுவலர்முன் எந்தத் தாளில் எழுதியிருப்பார்? அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஊரில் எத்தனை பேர் இருந்தனர்? மான்செஸ்டர் நகரத்தார்க்கு ஒரு சங்கமும் வழக்குரைஞரும் இருந்தனர். நம் மலைவழியினர்க்குக் கங்காணி இருந்தார். அவருக்கு ஆள் வேண்டும். பாதையைப் பற்றிய கவலை அவருடையது அன்று.

நம் முன்னோர் பாதையை மதிக்காதவர் அல்லர். வரைபடத்திற்கு மாற்றாக அவர்களிடம் சுமைதாங்கி இருந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் கல் நட்டு, வழிப்போக்கர் தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி ஏற்ற உதவுவது தமிழகத்துப் பழவழக்கம். சுமைதாங்கி நின்ற இடமெல்லாம் பொதுவழி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மங்கம்மாள் அமைத்த சாலைகளுக்கு அவர் பெயர் நின்றது. சுமைதாங்கிக்கோ ஒரு வீட்டாரின் துயரமே பெயராய் அமைந்தது. நீதிமன்றம் கேட்கும் சான்று அது அன்று.

1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தும் கேரளத்தோடு நின்றன. இரு அரசுகளின் எல்லையாக இருந்த முகடு இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. போடிமெட்டுச் சாலையும் கம்பம்மெட்டுச் சாலையும் ஊர்தி செல்லும் வழிகளாக அமைந்தன. நடந்தவர்கள் மெல்ல மெல்ல ஜீப்புகளுக்கு மாறினர். இன்று விடியுமுன் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தொழிலாளரை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டேறுவதை எவரும் காணலாம். நேர் மேலே இருக்கும் தோட்டத்திற்குத் தேவாரத்துக்காரர் வடக்கே போடி வழியாகவோ தெற்கே கம்பம் வழியாகவோ சுற்றிக்கொண்டு போகிறார். சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது அவ்வூராரின் நெடுநாள் கோரிக்கை. வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நடுவணரசின் இசைவு வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

காட்டை மூடியவர்களை வில்லன்களாக்க நாம் விரும்பவில்லை. அச்சரிவுகளின் சோலைகள் இல்லையேல் கீழே ஓடைகள் இல்லை. யானைக்கும் அங்கே தடங்கள் உண்டு. அவை நம் தடங்களைவிடப் பழையவை. ஒரு தார்ச் சாலை மலையைப் பிளந்தால் அதன் பின்னே விடுதியும் விளம்பரப் பலகையும் வரும் என்னும் அச்சம் பொய்யன்று. மறுபுறம், பாதையே இல்லை என்று எழுதிவிட்டால் மக்கள் நடப்பது நின்றுவிடும் என்பதும் உண்மையன்று.

2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் மலையேற்றத்திற்கு வந்த இளையோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே அறியும். அதன்பின் மலையேற்றத்திற்குக் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் மாத இறுதியில் நடந்ததை நாடு அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை. பெருந்தொற்றுக்காக எல்லைகள் அடைபட்டு ஊர்திகள் நின்றபோது, ஏலத்தோட்டத் தொழிலாளர் சிலர் பழைய காட்டுவழியே இராசிங்காபுரத்திற்கு நடந்து இறங்கினர். வழியில் காட்டுத்தீ சூழ்ந்தது. ஒரு வயதுக் குழந்தை உட்படச் சிலர் இறந்தனர். சாலைகள் அடைந்தபோது கால்கள் பழைய தடத்தையே தேடின. பாதை அங்கே இருந்தது. அதனைப் பாதை என்று ஏற்றுப் புதரகற்றித் தீத்தடம் வெட்டிக் காப்பவர்தாம் இல்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத்திற்கென நாற்பது தடங்களைத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு தடமும் அவற்றுள் ஒன்று. கணினி வழியே பதிவு செய்து கட்டணம் செலுத்தி வழிகாட்டியுடன் செல்லலாம். நல்ல ஏற்பாடே, மலைவாழ் இளைஞர் சிலருக்கு வழிகாட்டிப் பணி கிடைக்கிறது. ஆயினும் தாய் நடந்த வழியில் மகன் கட்டணம் செலுத்தி நடப்பதில் ஒரு முரண் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலா செல்வோர்க்குத் திறக்கும் பாதை உழைக்கச் செல்வோர்க்கு ஏன் திறக்கக் கூடாது?

சாலையா, காடா என்றே நாம் வாதிட்டு வருகிறோம். இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது ஒன்று நம்மிடம் இருந்தது. குதிரைப் பாதை என்னும் அது, தார் இல்லாதது, ஊர்தி நுழையாதது, ஆயினும் ஏட்டில் ஏறிய பொதுவழி. அது இன்றும் முற்றிலும் மறையவில்லை. சாலையற்ற அகமலை ஊராட்சிச் சிற்றூர்களுக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறிச் செல்வதை நாளிதழ்களில் காண்கிறோம். வாக்கு வாங்கும் நாளில் குதிரைப் பாதையை அரசே அறிந்திருக்கிறது!

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டில் நடைபயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை இன்றைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டுப்போன பாதைகள் 49,000 மைல் இருக்கலாம் எனக் கண்டனர். அவற்றைப் பதிவு செய்வதற்கு இறுதி நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாள் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் அதனை நீக்குவதாகவும் அரசு அறிவித்தது. அவர்களுக்கு உதவியவை தாள்கள். நமக்கு உதவக்கூடியவர்கள் மனிதர்கள். தேவாரத்திலும் இராயப்பன்பட்டியிலும் எழுபதைக் கடந்த முதியோர் திண்ணைகளில் இருக்கிறார்கள். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால், நம் பங்குகளின் இளையோர் ஒவ்வொரு தடத்தையும் எழுதிவிடலாம்: எங்கே ஊற்று, எங்கே சுமை இறக்கும் பாறை, எங்கே மழைக்கு ஒதுங்கும் குகை என்று.

நாம் விடைபெறும்போது அம்முதியவர் தரையில் ஒரு குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். அடிவாரத்துப் புளியமரத்தில் தொடங்கி, அரிவாள் தீட்டும் கல், முதல் தண்ணீர், சறுக்குப் பாறை, இரண்டாம் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தவர், மெட்டுக்கு அருகே வந்ததும் நின்றுவிட்டார். அங்கே பாதை இடப்பக்கம் திரும்புமா வலப்பக்கம் திரும்புமா என்பது நினைவுக்கு வரவில்லை. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மையார் சமையற்கட்டிலிருந்து வெளியே வராமலே சொன்னார்: "எடப்பக்கம். பிள்ளைய எறக்கி வச்சிட்டு நிப்பேன்ல, அந்த எடம்."

முதியவர் குச்சியை இடப்பக்கம் திருப்பினார்.